சி டிரைவ் நிறைஞ்சிடுச்சு. டி, இ-ல இருக்கற ஃபைல் எதுவும் போகாம இடம் கூட்ட முடியுமா?

அச்சகத்தெரு:

எல்லாருக்கும் வணக்கம். விருதுநகர் பக்கம் வீட்டுலயே டிடிபி வேலை பாக்கறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், கவிதைத் தொகுப்பு எல்லாம் ஒரே டெஸ்க்டாப்லதான். 1 டிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 போட்டு வாங்கினது, அப்புறம் 10-க்கு மாறுச்சு.

சி டிரைவ் கோடு சிவப்பாயிடுச்சு. 3 ஜிபி கூட மிச்சம் இல்ல. பேஜ்மேக்கர்ல படம் நிறைய உள்ள மலர் ஒண்ணைத் திறந்து வேலை பாத்தா, சேவ் பண்ற நேரத்துல இடம் இல்லைன்னு நிக்குது. டிஸ்க் கிளீனப் போட்டாச்சு, டெம்ப் அழிச்சாச்சு, டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப் எல்லாத்தையும் டி-க்கு மாத்தியாச்சு. கொஞ்ச நாள்ல திரும்ப நிறையுது.

கடையில கேட்டா ஃபார்மட் அடிச்சுப் புதுசா பிரிச்சுத் தர்றோம்ங்கறாங்க. எனக்கு அது ஒத்து வராது. யூனிகோடுக்கு முந்தின எழுத்துருக்கள், அதுக்கான கீபோர்டு சாஃப்ட்வேர், அதையெல்லாம் போட்ட சிடி இப்போ எங்கே தேடறது? பல வருஷம் முன்னாடி அடிச்ச புத்தகத்தை மறுபதிப்புக்குன்னு கொண்டு வர்றவங்க இருக்காங்க. எழுத்துரு இல்லைன்னா அந்த ஃபைல் திறந்தும் பிரயோஜனம் இல்ல, பக்கம் முழுக்க புரியாத குறியாத்தான் நிக்கும்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்ல சி மேல ரைட் கிளிக் பண்ணா 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலா இருக்கு, அமுக்க முடியல. அங்க இடமிருந்து வலமா தெரியறது இதுதான்:

டிஸ்க் 0, பேசிக், 931.51 ஜிபி
சிஸ்டம் ரிசர்வ்டு 100 எம்பி
சி 97.07 ஜிபி
ரெக்கவரி 500 எம்பி
டி 390.63 ஜிபி (310 வரைக்கும் நிறைஞ்சிருக்கு)
இ 443.22 ஜிபி (180 நிறைஞ்சிருக்கு)

சி-க்கு இன்னும் 100 ஜிபி கிடைச்சா போதும். டி-யும் இ-யும் என் பிழைப்பு. எது செஞ்சாலும் அதுல ஒரு ஃபைல் கூட போகக் கூடாது.

நெல்லை சர்வீஸ்:

வணக்கம்மா. ஃபார்மட் வேணாம்னு நீங்க சொன்னது சரியான முடிவு. சாஃப்ட்வேரை எடுத்து வைக்க வழியே இல்லாதவங்களுக்கு ஃபார்மட் அடிக்கறது வைத்தியமே கிடையாது.

முதல்ல ஒண்ணு சொல்லுங்க. டி, இ ரெண்டையும் சுத்தி ஒரு பச்சைக் கோடு ஓடுதா? சி-க்கு மேல கரு நீலப் பட்டையும், டி, இ மேல வெளிர் நீலப் பட்டையும் இருக்கா? 390.63-ங்கற எண்ணைப் பாத்தாலே, பிரிச்சவர் கட்டத்துல 4,00,000 எம்பின்னு அடிச்சிருக்கார்னு தெரியுது. 1024-ல வகுத்தா அதுதான் வரும். அந்தக் காலத்துல எம்பிஆர்ங்கற பழைய பிரிப்பு முறையில சி-யை பிரைமரியாவும் (தனிப் பகுதி), மத்ததை எக்ஸ்டெண்டடுங்கற ஒரு பெரிய பகுதிக்குள்ள லாஜிக்கலாவும் (உட்பகுதி) போட்டுத் தர்றதுதான் கடை வழக்கம்.

அச்சகத்தெரு:

ஆமாங்க, பச்சைக் கோடு இருக்கு. நிறமும் நீங்க சொன்ன மாதிரியேதான்.

நெல்லை சர்வீஸ்:

அப்போ ஏன் மங்கலா இருக்குன்னு சொல்லிடறேன். அது புரிஞ்சிட்டா மத்ததெல்லாம் தானா விளங்கும்.

விண்டோஸ் ஒரு பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கைப் பிரிச்ச ஒரு பகுதியை, நீட்டணும்னா, அதுக்கு வலது பக்கம் ஒட்டினாப்புல 'அன்அலகேட்டட்'னு கறுப்புப் பட்டையோட காலி இடம் இருக்கணும். உங்க சி-க்கு வலது பக்கம் ஒட்டி நிக்கறது 500 எம்பி ரெக்கவரி. விண்டோஸ் 10-க்கு மாறும்போது சி-யோட வாலை வெட்டி உருவாக்கினதா இருக்கும். அதுக்கு அப்புறம் எக்ஸ்டெண்டடோட வேலி, அதான் அந்தப் பச்சைக் கோடு. டி-யை அழிச்சாலும் வர்ற இடம் அந்த வேலிக்குள்ளேயேதான் இருக்கும். அது கறுப்பா வராது, 'ஃப்ரீ ஸ்பேஸ்'னு வெளிர் பச்சையில வரும். அதை சி தொட முடியாது. டி-யை அழிச்சிட்டு, அப்பவும் எக்ஸ்டெண்ட் மங்கலா நிக்கறதைப் பாத்துத் திகைச்சுப் போய் வர்றவங்க பலரை நான் பாத்திருக்கேன்.

இன்னொண்ணு. எம்பிஆர்ல நாலு பிரைமரிக்கு மேல கிடையாது. சிஸ்டம் ரிசர்வ்டு, சி, ரெக்கவரி, எக்ஸ்டெண்டடு, நாலும் ஆயிடுச்சு. ஏதாவது செய்யப் போய் 'இந்த டிஸ்க் டைனமிக்கா மாறும், சரியா?'ன்னு விண்டோஸ் கேட்டா, கண்டிப்பா 'நோ' கொடுங்க. டேட்டா அழியாமத்தான் மாறும். ஆனா திரும்ப பேசிக்குக் கொண்டு வரணும்னா, விண்டோஸ் தர்ற வழியில எல்லா வால்யூமையும் அழிச்சாகணும்.

நான் சொல்ற வழி இது. டி, இ ரெண்டையும் வெளி டிஸ்குக்கு நகல் எடுங்க. நகலைச் சரி பாத்த பிறகு ரெண்டையும் அழிங்க, வேலியையும் அழிங்க, ரெக்கவரியை எடுங்க. சி-யை 100 ஜிபி நீட்டுங்க. மிச்சத்துல டி-யும் இ-யும் புதுசா போட்டு நகலைத் திருப்பிக் கொண்டு வாங்க. சி ஆரம்பிக்கற இடம் ஒரு செக்டர் கூட நகராது. விண்டோஸ், எழுத்துரு, கீபோர்டு எல்லாம் இருந்த இடத்துலயே இருக்கும்.

பெங்குவின்:

அண்ணே, குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். எதுக்கு அழிக்கணும்? பார்ட்டிஷனை மாத்தற ஜிபார்ட்டட் லைவ்-ஐ பென்டிரைவ்ல போட்டு பூட் பண்ணா, டி-யோட இடது ஓரத்தைத் தள்ளி, எக்ஸ்டெண்டடைச் சுருக்கி, ரெக்கவரியை வலது பக்கம் நகர்த்தி, சி-யை நீட்டிடலாம். நான் கல்லூரி லேப்ல இப்படித்தான் செய்யறேன், இதுவரைக்கும் எதுவும் போனதில்ல. அவங்க கேட்டதும் அழிக்காம செய்யறதுதானே? ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை மட்டும் முன்னாடியே நிறுத்திடணும், இல்லைன்னா என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் ஃபைல்களை அடுக்கி வைக்கற முறை) பாதித் தூக்கத்துல இருக்கும்.

நெல்லை சர்வீஸ்:

ஜிபார்ட்டட் நல்ல கருவி தம்பி, நானும் வச்சிருக்கேன். ஆனா இவங்க கணக்கைப் பாருங்க. டி-யில காலி 80 ஜிபிதான். 100 வேணும்னா டி-யை மட்டும் சுருக்கினா பத்தாது. இ-யோட இடது ஓரத்தையும் தள்ளி, டி-யை அந்தப் பக்கம் நகர்த்தணும். அதாவது 490 ஜிபி டேட்டா அதே டிஸ்குக்குள்ள இடம் மாறணும்.

வலது ஓரத்தைச் சுருக்கறது சின்ன வேலை. அந்தப் பக்கம் இருக்கற கொஞ்சம் ஃபைல் மட்டும் உள்ள வந்தா போதும், ஃபைல் சிஸ்டம் முதல்ல சுருங்கும், அப்புறம் எல்லைக்கோடு சுருங்கும். இடது ஓரத்தைத் தள்ளினா கதையே வேற. பார்ட்டிஷன் எங்க ஆரம்பிக்குதுங்கறதே மாறுது, அதனால உள்ள இருக்கற அத்தனையும் படிச்சு வேற இடத்துல எழுதியாகணும். சுத்தற டிஸ்க்ல ஒரே தலைதான் படிக்கணும், எழுதணும், பல மணி நேரம் ஓடும். நடுவுல கரண்ட் போச்சுன்னா பாதி பழைய இடத்துல, பாதி புது இடத்துல. அதை ஒட்ட வைக்கறது என் அனுபவத்துல ரொம்பக் கஷ்டம்.

அதனால நகர்த்தறதுன்னாலும் முன்னாடி நகல் எடுத்துத்தான் ஆகணும். நகல் கையில இருக்கும்போது, அந்த ஆபத்தான வேலை எதுக்கு? அழிச்சுப் புதுசா போடறது சில நிமிஷம், திருப்பிக் கொட்டறது கொஞ்ச நேரம்.

பெங்குவின்:

கணக்கு சரிதான் அண்ணே, 80-ஐ நான் கவனிக்கல. ஆனா உங்க வழியில ஒரு ஓட்டை இருக்கே. டி-யை அழிக்கற நொடியில அவங்க கையில இருக்கறது வெளி டிஸ்க்ல உள்ள ஒரே ஒரு பிரதி. அது கீழ விழுந்தா?

நெல்லை சர்வீஸ்:

ரொம்பச் சரி. அம்மா, இதை அப்படியே எடுத்துக்கோங்க: ரெண்டு நகல், ரெண்டு தனித்தனி டிஸ்க்ல. எல்லாத்துக்கும் ரெண்டாவது முடியலைன்னா, வேலை ஃபைல் உள்ள ஃபோல்டர்களுக்காவது வேணும். வெளி டிஸ்க் ஃபேட்32-ல இருந்தா 4 ஜிபிக்கு மேல உள்ள ஃபைல் ஏறாது, என்டிஎஃப்எஸ்ல வச்சுக்கோங்க.

இழுத்துப் போட்டு காப்பி பண்ணாதீங்க. நடுவுல ஒண்ணு நின்னா எது வந்துச்சு, எது வரலைன்னு தெரியாது. ரோபோகாப்பி விண்டோஸ்லயே இருக்கு. மூலம், இலக்கு, அப்புறம் /E, /R:1, /W:1, /DCOPY:T, /LOG: கொடுத்து ஓட விடுங்க. துணை ஃபோல்டர் எல்லாம் வரும், ஃபோல்டர் தேதி மாறாது, நீளமான தமிழ்ப் பெயர்ல தடுக்காது, எது வரலைன்னு கடைசியில கணக்கே கொடுக்கும்.

சி-லயும் கொஞ்சம் எடுக்கணும். எழுத்துருக்கள் விண்டோஸ் ஃபோல்டர்ல இருக்கற ஃபான்ட்ஸ்ல மட்டும் இருக்காது. 'எனக்கு மட்டும்'னு போட்டது ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ்ங்கற பாதையில ஒளிஞ்சிருக்கும். ரெண்டையும் எடுங்க.

புதுசா டிரைவ் போடும்போது பழைய எழுத்தையே கொடுக்கணும், டி-க்கு டி, இ-க்கு இ. உங்க பக்கங்கள்ல வச்ச படமெல்லாம் பாதையோடதான் பதிவாகியிருக்கும். எழுத்து மாறினா ஒவ்வொரு மலரும் படம் எங்கேன்னு கேக்கும்.

உங்க ஊர்ல பராமரிப்பு மின்தடை இல்லாத நாளாப் பாத்து ஆரம்பிங்க. இன்னும் எதையும் அழிக்க வேணாம். லாக்கோட கடைசி வரிகளை இங்க போடுங்க.

இசிஇ மூணாம் வருஷம்:

அண்ணா, இதே திரியில கேட்டுக்கறேன். லேப்டாப்ல 512 ஜிபி எஸ்எஸ்டி, சி மட்டும்தான், 300 ஜிபி காலி. உபுண்டுக்கு 100 வேணும். 'ஷ்ரிங்க் வால்யூம்' போட்டா 38 ஜிபிக்கு மேல தர மாட்டேங்குது. டிஃப்ராக் பண்ணிப் பாத்தேன், மாறல.

நெல்லை சர்வீஸ்:

காலி இடம் 300 இருந்தாலும், நடுவுல எங்கேயோ நகர்த்த முடியாத ஒரு ஃபைல் உக்காந்திருக்கு. அதைத் தாண்டி விண்டோஸ் சுருக்காது. ஈவென்ட் வியூவர்ல அப்ளிகேஷன் லாக்ல 259-ங்கற எண்ணைத் தேடு தம்பி, எந்த ஃபைல்னு பேரே இருக்கும். பெரும்பாலும் பேஜ்ஃபைல், ஹைபர்ஃபைல், இல்லைன்னா ரெஸ்டோர் பாயின்ட்.

அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்ல பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப் (powercfg /h off), ஹைபர்ஃபைல் போயிடும். பேஜிங் ஃபைலை 'நோ பேஜிங் ஃபைல்' ஆக்கு. சிஸ்டம் புரொடெக்‌ஷனை நிறுத்து. ரீஸ்டார்ட் பண்ணிட்டு ஷ்ரிங்க் போடு. கிடைச்ச இடத்தை ஃபார்மட் பண்ணாம அன்அலகேட்டடாவே விட்டுடு, உபுண்டு இன்ஸ்டாலர் எடுத்துக்கும். முடிஞ்சதும் பேஜிங் ஃபைலையும் புரொடெக்‌ஷனையும் திரும்பப் போட மறக்காத.

அதுக்கு முன்னாடி, லேப்டாப்ல டிஸ்க்கைப் பூட்டற பிட்லாக்கர் இல்லைன்னா 'டிவைஸ் என்கிரிப்ஷன்' ஓடுதான்னு பாரு. புது விண்டோஸ் 11-ல மைக்ரோசாஃப்ட் கணக்கோட நுழைஞ்சா, கேக்காமலே போட்டிருக்கும். ஓடுதுன்னா அந்த 48 இலக்க ரெக்கவரி கீயை எடுத்து பேப்பர்ல எழுதி வை. பூட் மாறும்போது அது கேக்கும், அப்போ கையில இல்லைன்னா டேட்டா உள்ள இருந்தும் உனக்கு இல்ல. சுருக்கறதை விண்டோஸ்லயே செய், பூட்டின பார்ட்டிஷனை ஜிபார்ட்டட் கையாளாது.

இசிஇ மூணாம் வருஷம்:

259-ல பேஜ்ஃபைல்னுதான் இருந்துச்சு அண்ணா. நீங்க சொன்னபடி செஞ்சு 100 ஜிபி எடுத்துட்டேன். கீ எழுதி வச்சாச்சு. நன்றி.

அச்சகத்தெரு:

புது 1 டிபி வெளி டிஸ்க் வாங்கி, இ-யை முழுசா எடுத்தாச்சு, பிரச்சினை இல்ல. டி ஓடும்போது ஒரு இடத்துல நின்னு நின்னு போச்சு. டிஸ்க்ல லேசா 'டிக் டிக்'னு சத்தம் வந்துச்சு. லாக் கடைசியில 'ஃபெயில்டு' கட்டத்துல 2-ன்னு இருக்கு. ரெண்டும் பழைய கும்பாபிஷேக மலருக்கு ஸ்கேன் பண்ண டிஃப் படம். பக்கத்துல 'எர்ரர் 23, டேட்டா எர்ரர், சைக்ளிக் ரிடன்டன்சி செக்'னு போட்டிருக்கு. செக்டிஸ்க் ஓட்டிட்டு மறுபடி எடுக்கவா?

நெல்லை சர்வீஸ்:

வேணாம், செக்டிஸ்க் ஓட்டாதீங்க. இப்போதைக்கு அந்தக் கம்ப்யூட்டர்ல வேலையும் பாக்காதீங்க.

எர்ரர் 23-ன்னா டிஸ்க்ல அந்த இடத்தைப் படிக்கவே முடியலைன்னு அர்த்தம். தளர்ந்து போன டிஸ்க்கை செக்டிஸ்க் முழுசா உரசினா, இருக்கறதும் போகலாம். டிஸ்க்கோட உடல்நிலையைக் காட்டற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவை மட்டும் திறந்து, 05 (கெட்டுப்போய் மாத்தி வச்ச செக்டர்), சி5 (படிக்க முடியாத செக்டர்) ரெண்டு வரியிலயும் கடைசிக் கட்டத்துல என்ன எண்ணுன்னு சொல்லுங்க.

அச்சகத்தெரு:

மேல மஞ்சள்ல 'காஷன்'னு இருக்கு. 05-ல எல்லாம் பூஜ்யம். சி5-ல பூஜ்யங்களுக்கு அப்புறம் 18.

நெல்லை சர்வீஸ்:

அது ஹெக்ஸ், அதாவது பதினாறு பதினாறா எண்ற கணக்கும்மா, நம்ம கணக்குல 24. படிக்க முடியாம, தீர்ப்புக்காகக் காத்திருக்கற செக்டர் 24 இருக்குன்னு அர்த்தம். இந்த டிஸ்க்ல பார்ட்டிஷனைத் தொடறதைப் பத்தி இனிமே யோசிக்கவே வேணாம். நகர்த்தற வேலையை இதுல ஓட விட்டிருந்தா, அந்த 24-ல ஒண்ணுல முட்டி நடுவழியில நின்னிருக்கும். பெங்குவின் தம்பி, அதுக்காகத்தான் முதல்ல நகல்னு அடம் பிடிச்சேன். 490 ஜிபியையும் ஒரு தடவை படிச்சுப் பாத்தாத்தான் டிஸ்க் எந்த நிலையில இருக்குன்னு தெரியும்.

திட்டம் அதேதான், டிஸ்க் மட்டும் மாறுது. 1 டிபி எஸ்எஸ்டி வாங்குங்க. 960 ஜிபின்னு ஒண்ணு காட்டுவாங்க, அது உங்க பழைய டிஸ்க்கை விடச் சின்னது, அப்படியே குளோன் (டிஸ்க்கை அச்சு அசலா நகல் எடுக்கறது) ஆகாது. 1 டிபின்னு போட்டதையே கேளுங்க. ரெண்டாவது நகலை வெளி டிஸ்க்ல இருந்தே எடுத்துக்கோங்க, பழைய டிஸ்க்கை அதுக்காகச் சுத்த விட வேணாம். குளோன் எடுக்க பெங்குவின் தம்பி சொல்லிக் கொடுங்க, அது உங்களுக்குக் கை வந்த வேலை.

பெங்குவின்:

கண்டிப்பா. அக்கா, குளோன்சில்லா லைவ்-ஐ பென்டிரைவ்ல போட்டு பூட் பண்ணுங்க. டிவைஸ் டு டிவைஸ், எக்ஸ்பர்ட் மோடு, டிஸ்க் டு லோக்கல் டிஸ்க். ஆப்ஷன் பட்டியல்ல '-ரெஸ்க்யூ'வை டிக் பண்ணிடுங்க, கெட்ட செக்டர்ல நிக்காம தாண்டிப் போகும். மூலம் எது, இலக்கு எதுன்னு கேக்கும்போது அளவை மட்டும் பாக்காதீங்க, ரெண்டும் ஒரே அளவு. மாடல் பெயரைப் பாத்துத் தேர்ந்தெடுங்க. மாத்திக் கொடுத்தா புது டிஸ்க்ல இருக்கற வெறுமை பழையதுல ஏறிடும். எழுதறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கேக்கும், ரெண்டு தடவையும் இலக்குப் பெயரை வாய்விட்டுப் படிங்க.

முடிஞ்சதும் கம்ப்யூட்டரை அணைச்சு, பழைய டிஸ்கோட கேபிளைக் கழட்டிட்டுத்தான் விண்டோஸைத் திறக்கணும். ரெண்டுக்கும் இப்போ ஒரே சிக்னேச்சர் (டிஸ்க்கோட அடையாள எண்), சேந்து இருந்தா மோதும்.

நெல்லை சர்வீஸ்:

எஸ்எஸ்டியில விண்டோஸ் திறந்ததும் இந்த வரிசைதான். அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்ல ரீஏஜென்ட்சி /டிசேபிள் (reagentc /disable). அது ரெக்கவரி ஃபைலை சி-க்குள்ள சிஸ்டம்32, ரெக்கவரி ஃபோல்டருக்குக் கொண்டு வரும். வின்ஆர்இ.விம் அங்க வந்திருக்கான்னு பாத்த பிறகே அடுத்தது. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல டி, இ, அப்புறம் அந்த வெளிர் பச்சை, மூணையும் அழிங்க.

ரெக்கவரிக்கு டிஸ்க்பார்ட் வேணும். செலெக்ட் டிஸ்க் 0, லிஸ்ட் பார்ட்டிஷன். இங்க நிதானமா பாருங்க: 100 எம்பி இருக்கறது சிஸ்டம் ரிசர்வ்டு, அதை அழிச்சா விண்டோஸ் திறக்காது. 500 எம்பி இருக்கறதோட எண்ணை மட்டும் செலெக்ட் பண்ணி, டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு. அப்புறம் சி மேல எக்ஸ்டெண்ட், இப்போ மங்கலா இருக்காது. கட்டத்துல 1,02,400 அடிங்க. கடைசியா ரீஏஜென்ட்சி /எனேபிள்.

அச்சகத்தெரு:

முடிஞ்சதுங்க. சி இப்போ 197.07 ஜிபி. எக்ஸ்டெண்ட் எழுத்து கறுப்பா, தெளிவா தெரிஞ்சப்போ மனசு நிறைஞ்சு போச்சு. டி-யை அதே 4,00,000-ல போட்டேன், மிச்சம் இ, நகலையும் திருப்பிப் போட்டாச்சு. எழுத்துரு, கீபோர்டு எதையும் நான் தொடவே வேண்டி வரல. பெரிய மலர் ஒண்ணைத் திறந்து பாத்தேன், படம் எங்கேன்னு ஒரு தடவை கூட கேக்கல. ரீஏஜென்ட்சி எனேபிள் 'சக்சஸ்ஃபுல்'னு சொல்லிடுச்சு.

அந்த ரெண்டு டிஃப் படமும் கிடைக்கல. ஆனா அந்த மலர் அச்சுக்குப் போன பிடிஎஃப் மெயில்ல இருந்துச்சு, அதுல இருந்து படத்தை எடுத்துக்கிட்டேன், மறுபதிப்புக்கு அது போதும். உங்க ரெண்டு பேருக்கும் என் நன்றி. பழைய டிஸ்க்கை என்ன செய்யறது? தம்பி ஒருத்தன் சினிமா போட்டு வைக்கக் கேக்கறான்.

நெல்லை சர்வீஸ்:

கொடுக்காதீங்க. மேல தேதியும் 'சி5 24'-ன்னும் எழுதி, கேபிள் மாட்டாம பீரோவுல வைங்க. வெளி டிஸ்க் நகலையும் அழிச்சு வேற எதுக்கும் பயன்படுத்த வேணாம். மாசம் ஒரு தடவை அதே ரோபோகாப்பி வரியை ஓட்டினா, புதுசா மாறினது மட்டும் ஏறிக்கும்.